ஒரே மாத்திரை, மார்பகத்தில் ஒரு குணம், கர்ப்பப்பையில் வேறு குணம்: இது எப்படி?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு 61 வயது. இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்பில் கட்டி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஈ.ஆர். 90%, பி.ஆர். 60%, ஹெர்-2 நெகட்டிவ் என்று இருந்தது. முதலில் லெட்ரோசோல் கொடுத்தார்கள். மூட்டுவலி தாங்க முடியாமல் போனதால் டாமோக்சிஃபென் 20 மி.கி.க்கு மாற்றினார்கள். "ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரை" என்று சொன்னார்கள். போன மாதம் அம்மாவுக்கு லேசாக ரத்தப்போக்கு. மகப்பேறு டாக்டர் ஸ்கேன் பார்த்து, கர்ப்பப்பையின் உள்சவ்வு 11 மி.மீ. தடித்திருக்கிறது, இந்த மாத்திரை அங்கே ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்யும் என்றார். சின்ன சதை வளர்ச்சி ஒன்றை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார், புற்று இல்லை என்று வந்துவிட்டது. எலும்பு டாக்டரோ இந்த மாத்திரை எலும்புக்கு நல்லது என்கிறார். ஒரே மாத்திரை ஓரிடத்தில் தடுக்கும், இன்னோரிடத்தில் தூண்டும் என்றால் யாரை நம்புவது? அத்தை நிறுத்திவிடச் சொல்கிறார். அம்மா தைராய்டு மாத்திரையும், வாரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட்டும் சாப்பிடுகிறார். எல்லாமே ஹார்மோன் சம்பந்தப்பட்டதுதானே, ஒன்றோடொன்று மோதாதா? அப்புறம் அம்மா கேட்கச் சொன்னது: இந்த மாத்திரையை ராத்திரி போட்டுக்கொள்ளலாமா? பகலில் போட்டால் உடம்பெல்லாம் கொதிக்கிறது என்கிறார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்தப்போக்கு தெரிந்ததும் தள்ளிப்போடாமல் கூட்டிக்கொண்டு போனீர்கள், சதையை எடுத்துப் பரிசோதித்தார்கள், ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்துவிட்டது. நடக்க வேண்டியதெல்லாம் சரியாக நடந்திருக்கிறது. அத்தையின் பயம் அக்கறையில் வருவது. அதற்கும் பதில் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

மூன்று டாக்டர்களில் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூவர் சொன்னதும் உண்மை. புறநோயாளிப் பிரிவில் இதே குழப்பத்தோடு என் முன்னால் வந்து உட்காரும் குடும்பங்கள் நிறைய. அவசரத்தில் நாங்கள் "ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரைக்கு அந்த ஒரு வரி விளக்கம் போதாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த இரட்டைக் குணம் மருந்து பிறந்த நாளிலிருந்தே அதோடு இருக்கிறது. 1962இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் இதைத் தயாரித்தார். அவர்கள் அப்போது தேடியது கருத்தடை மருந்து. எலிகளில் இது கர்ப்பத்தைத் தடுத்தது. பெண்களிடம் போனபோது, கருமுட்டை வெளிவருவதைத் தூண்டியது! பெரிய எலியில் ஈஸ்ட்ரோஜனை எதிர்த்த அதே பொருள், சுண்டெலியில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொண்டது. கருத்தடைக்கு ஆகாது என்று ஓரம்கட்டப்பட்டிருக்க வேண்டிய மருந்தை மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மார்பகப் புற்று முற்றிய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1971இல் முடிவை வெளியிட்டார்கள். 1973இல் பிரிட்டனிலும் 1977இல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. பலன் தெரிந்தது, ஆனால் ஏன் இடத்துக்கு இடம் குணம் மாறுகிறது என்பது விளங்க இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டிலிருந்தே தொடங்கலாம். ஈ.ஆர். என்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் ஏற்பி. ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் புரதம் அது. அம்மாவிடமிருந்து எடுத்த கட்டியை மெல்லிய சீவலாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அந்தப் புரதம் இருக்கும் இடம் மட்டும் பழுப்பு நிறமாகும்படி சாயம் ஏற்றுவார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் மற்ற இடமெல்லாம் வெளிர் நீலம். நடுநடுவே கடுங்காப்பி நிறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு புற்றுச் செல்லின் கரு. நூறு கருவில் தொண்ணூறு பழுப்பாகத் தெரிந்தது, அதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 90%.

நிறம் எங்கே ஏறுகிறது என்று கவனியுங்கள். செல்லின் வெளிச்சுவரில் இல்லை, உள்ளே கருவில். இன்சுலின் மாதிரியான ஹார்மோன்கள் செல்லின் வாசலில் நின்று தட்டிச் சேதி சொல்லும், உள்ளே போகாது. ஈஸ்ட்ரோஜன் கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறு. சவ்வைக் கடந்து நேரே உள்ளே போய்விடும். அதன் ஏற்பி உட்கார்ந்திருப்பது மரபணுக்கள் இருக்கும் செல்லின் கருவிலேயே. சேதியை வாங்கும் புரதமே டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து மரபணுவைத் திறக்கவும் மூடவும் செய்கிறது. 1950களின் கடைசியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் என்பவர், கதிரியக்க அடையாளம் போட்ட ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மற்ற உறுப்புகள் ஹார்மோனை வாங்கி வெளியே விட்டுவிட, கர்ப்பப்பை போன்ற சில உறுப்புகள் மட்டும் விடாமல் பிடித்து வைத்துக்கொண்டன. பிடித்து வைக்க அங்கே ஏதோ இருக்க வேண்டும் என்று அவர் தொடங்கிய தேடல்தான் இன்று அம்மாவின் ரிப்போர்ட்டில் ஒரு வரியாக நிற்கிறது.

இப்போது அந்தப் புரதத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பூட்டு, சாவி என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். எனக்கு அது பாதி விளக்கமாகத்தான் படுகிறது. ஒரு தூக்குவாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்பியின் நடுவில் ஒரு குழி, அதற்கு ஒரு மூடி. அந்த மூடி புரதத்தின் பன்னிரண்டாவது சுருள். ஈஸ்ட்ரோஜன் கச்சிதமான பொருள். குழிக்குள் போனதும் மூடி மேலே வந்து அழுத்தமாக உட்காரும். மூடி சரியாக உட்கார்ந்தால்தான் அதன் ஓரத்தில் ஒரு பள்ளம் உருவாகும். அந்தப் பள்ளத்தில் வந்து பற்றிக்கொள்ள வேறு சில புரதங்கள் காத்திருக்கின்றன. டாமோக்சிஃபெனும் அதே குழிக்குள்தான் போகிறது. ஆனால் அதற்கு நீளமான கைப்பிடி மாதிரி ஒரு கிளை உண்டு. குழம்பு வாளிக்குள் நீளக் கரண்டியைப் போட்டு மூடப் பார்த்தால் மூடி படியாமல் சாய்ந்து நிற்குமே, அதே கதை. சாய்ந்த மூடி போய் விழுவது எங்கே தெரியுமா? மற்ற புரதங்கள் வந்து பிடிக்க வேண்டிய அந்தப் பள்ளத்தின் மேலேயே. 1990களின் பின்பாதியில் இந்தப் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்-கதிரில் பார்த்தபோதுதான் இவ்வளவும் தெளிவாகத் தெரிந்தது. மருந்து வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த படங்களில் அது ஒன்று.

காத்திருக்கும் அந்தப் புரதங்கள் யார்? இங்கேதான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

நம் டி.என்.ஏ. நூல்கண்டில் சுற்றிய நூல் மாதிரி, ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றப்பட்டுக் கிடக்கிறது. இறுக்கிச் சுற்றியிருந்தால் அந்த இடத்து மரபணுவைப் படிக்க முடியாது. தளர்த்தினால் படிக்கலாம். ஏற்பிக்குத் தானாக நூலைத் தளர்த்தத் தெரியாது. டி.என்.ஏ.வில் தன் இடத்தைக் கண்டுபிடித்து உட்காரத் தெரியும், துணைக்கு ஆள் கூப்பிடத் தெரியும். அவ்வளவுதான். துணைக்கு வருவதில் இரண்டு கட்சி. தளர்த்தும் ஆட்களைக் கூட்டி வருபவை துணை ஊக்கிகள். இறுக்கும் ஆட்களைக் கூட்டி வருபவை துணை ஒடுக்கிகள். 1995இல்தான் இந்த இரண்டு கட்சியின் முக்கியமான ஆட்களும் அடுத்தடுத்துப் பிடிபட்டார்கள். ஊக்கிகளில் எஸ்.ஆர்.சி.-1, ஒடுக்கிகளில் என்-கோர், ஸ்மர்ட். அதுவரை ஹார்மோனும் ஏற்பியும் மட்டும் நடத்துவதாக நினைத்திருந்த காரியம், ஒரு கூட்டமே சேர்ந்து எடுக்கும் முடிவு என்று புரிந்தது.

ஈஸ்ட்ரோஜன் ஏறிய ஏற்பி, மார்பகச் செல்லில் ஊக்கிகளைக் கூப்பிடுகிறது. "செல்லே, பெருகு" என்று சொல்லும் மரபணுக்கள் திறக்கின்றன. டாமோக்சிஃபென் ஏறிய ஏற்பியும் அதே இடத்தில் போய் உட்காருகிறது. பள்ளம் அடைபட்டுக் கிடப்பதால் ஊக்கிகளுக்குப் பிடிமானம் இல்லை. ஒடுக்கிகள் வந்து சேர்ந்து நூலை இறுக்கிவிடுகின்றன. கட்டி வளர வழியில்லை. உங்கள் புற்றுநோய் டாக்டர் சொன்னது இதைத்தான்.

சரி, கர்ப்பப்பையில் என்ன நடக்கிறது? ஏற்பியில் ஊக்கிகளுக்குப் பிடி கொடுக்கும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று நாம் பார்த்த மூடியோரப் பள்ளம், ஹார்மோனை நம்பியிருப்பது. இன்னொன்று புரதத்தின் மறுகோடியில் இருக்கிறது. மூடி படிந்ததா சாய்ந்ததா என்ற கவலை அதற்கு இல்லை. டாமோக்சிஃபென் முதல் பிடியை அடைக்கிறதே தவிர, இரண்டாவதைத் தொடுவதில்லை. மார்பகச் செல்களில் ஊக்கிகளுக்கு அந்த இரண்டாவது பிடி மட்டும் போதவில்லை. கர்ப்பப்பைச் செல்களில் போதுகிறது. அமெரிக்காவில் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் மைல்ஸ் பிரவுனும் யோங்ஃபெங் ஷாங்கும் 2002இல் இதைக் காட்டினார்கள். அவர்கள் பார்த்த கர்ப்பப்பை உள்சவ்வுச் செல்களில் எஸ்.ஆர்.சி.-1 என்ற ஊக்கி மார்பகச் செல்களைவிட அதிகமாக இருந்தது. டாமோக்சிஃபென் ஏறிய ஏற்பியைச் சுற்றி அங்கே ஊக்கிகளே கூடின, வளர்ச்சி மரபணுக்கள் திறந்தன. அந்த எஸ்.ஆர்.சி.-1ஐக் குறைத்துவிட்டால் டாமோக்சிஃபெனின் தூண்டும் வேலையும் நின்றுபோனது.

ஆக, மாத்திரை மாறவில்லை, ஏற்பியும் மாறவில்லை, உறுப்புக்கு உறுப்பு அக்கம்பக்கம் மாறுகிறது. ஏற்பி எந்த மரபணுவின் பக்கத்தில் போய் உட்காரலாம் என்பதும் உறுப்புக்கு உறுப்பு வேறு. மார்பகச் செல்களில் ஃபாக்ஸ்-ஏ1 என்ற புரதம் முன்கூட்டியே போய்ச் சில இடங்களில் நூலைத் தளர்த்தி வைத்திருக்கும், ஏற்பி அந்தத் திறந்த இடங்களைத் தேடிப் போகும். வேறு உறுப்பில் வேறு இடங்கள் திறந்திருக்கும்.

எலும்பிலும் ஈரலிலும் டாமோக்சிஃபென் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் பக்கம் சாய்கிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு அரிக்கும். இந்த மாத்திரை அந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்புகிறது. லெட்ரோசோல் அப்படிச் செய்யாது. அது உடம்பின் கொழுப்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே நிறுத்துவதால் எலும்புக்கும் கிடைக்காமல் போகிறது. எலும்பு டாக்டர் சந்தோஷப்படுவதற்குக் காரணம் இதுதான். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், உங்கள் வயதுப் பெண்கள் தங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. மாதவிடாய் இன்னும் நிற்காதவர்களிடம் இதே மாத்திரை எலும்பைச் சற்றுக் குறைக்கவே செய்யும். உள்ளே அசல் ஈஸ்ட்ரோஜன் தாராளமாக இருக்கும்போது, பாதி வேலை செய்யும் பொருள் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டால் மொத்தத்தில் நஷ்டம்தானே.

அடுத்தது தைராய்டும் வைட்டமின் டி-யும். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. ஏனென்றால் இந்த மூன்றின் ஏற்பிகளும் ஒரே குடும்பம். மனித உடம்பில் இந்தக் குடும்பத்தில் 48 பேர் இருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், கார்டிசால், தைராய்டு, வைட்டமின் டி, வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம், எல்லாவற்றின் ஏற்பிகளும் ஒரே சாயலில் செய்த அண்ணன் தம்பிகள்.

இவை பெரும்பாலும் ஜோடியாகத்தான் டி.என்.ஏ.வைப் பிடிக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி தன்னைப் போலவே இன்னொன்றோடு ஜோடி சேரும். அவை தேடும் எழுத்து வரிசையும் ஜோடிதான். ஆறு எழுத்து, நடுவில் மூன்று எழுத்து இடைவெளி, மறுபடி அதே ஆறு எழுத்து எதிர்த்திசையில். "விகடகவி" என்பதை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்கிறதல்லவா, டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் வைத்துப் படித்தால் இதுவும் அந்த மாதிரி. தைராய்டு ஏற்பியும் வைட்டமின் டி ஏற்பியும் வேறு வழி போகின்றன. இரண்டுக்கும் பொதுவாக ஒரு கூட்டாளி, ஆர்.எக்ஸ்.ஆர். என்று பெயர். அந்தக் கூட்டாளியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இவை டி.என்.ஏ.வில் நிற்கும். தேடுவது கிட்டத்தட்ட அதே ஆறு எழுத்தை, ஆனால் இரண்டும் ஒரே திசையில். நடுவில் மூன்று எழுத்து இடைவெளி இருந்தால் வைட்டமின் டி-யின் இடம், நான்கு இருந்தால் தைராய்டின் இடம், ஐந்து இருந்தால் ரெட்டினாயிக் அமிலத்தின் இடம். கல்லூரியில் இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு நிமிடம் நிற்பேன். ஓரெழுத்து இடைவெளி கூடினால் சேதி வேறு ஹார்மோனுக்குப் போய்விடுகிறது.

இவ்வளவு நெருங்கிய உறவு என்றால் மோதல் வராதா என்பது உங்கள் கேள்வி. கொள்கையளவில் போட்டி உண்டு. ஒரே ஆர்.எக்ஸ்.ஆர்., ஒரே ஊக்கிகள், பங்கு போட வேண்டியிருக்கும். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில் தைராய்டு மாத்திரையும் வைட்டமின் டி-யும் டாமோக்சிஃபெனின் பலனைக் கெடுத்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. மூன்றையும் அம்மா தொடரலாம்.

கவனிக்க வேண்டிய இடம் வேறு, அது ஈரலில் இருக்கிறது. அங்கே டாமோக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடந்துகொள்ளும் என்றேன். அதனால் ஈரல், தைராய்டு ஹார்மோனை ரத்தத்தில் சுமந்து போகும் புரதத்தைக் கூடுதலாகச் செய்துவிடும். சுமக்கும் புரதம் கூடினால் அதில் ஒட்டிக்கொள்ளும் ஹார்மோனும் கூடும், செல்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும் பங்கு குறையும். தைராய்டு சுரப்பி நன்றாக இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது, சுரப்பி கொஞ்சம் சேர்த்துச் சுரந்து சரிக்கட்டிவிடும். அம்மா மாதிரி மாத்திரையை நம்பி இருப்பவர்களுக்கு அளவு போதாமல் போகலாம். டாமோக்சிஃபென் தொடங்கியபின் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா? நீங்கள் எழுதவில்லை. பார்க்காவிட்டால் இந்த வாரமே பாருங்கள். அம்மா அசதி, மலச்சிக்கல், உடம்பு ஊதியது மாதிரி இருக்கிறது என்று சொன்னால் எல்லாப் பழியையும் டாமோக்சிஃபென் மேல் போடும் முன் அந்த ஒரு ரத்தப் பரிசோதனை முக்கியம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுங்கள், கால்சியம் மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. வைட்டமின் டி பாக்கெட் 60,000 யூனிட்டாக இருந்தால், வாரம் ஒன்று என்பது பொதுவாகச் சில வாரங்களுக்கு மட்டும்தான். எத்தனை மாதமாகப் போகிறது என்று பார்த்து, தொடர வேண்டுமா என்று கேளுங்கள்.

பி.ஆர். 60% பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பி.ஆர். என்பது புரோஜெஸ்டிரோன் ஏற்பி, அதே குடும்பத்தின் இன்னொரு ஆள். அதைச் செய்யும் மரபணுவைத் திறப்பதே ஈஸ்ட்ரோஜன் ஏற்பிதான். அதனால் கட்டியில் பி.ஆர். தெரிந்தால், ஈ.ஆர். வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை, வேலையும் செய்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட கட்டிகள் ஹார்மோன் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் என்று 1970களிலேயே கேத்ரின் ஹார்விட்ஸும் வில்லியம் மெக்குவயரும் சொன்னார்கள். அன்றிலிருந்து இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

நாற்பது வருடம் கழித்து இன்னொரு படி தெரிந்தது. கேம்பிரிட்ஜின் ஜேசன் கரோல் குழுவும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு குழுவும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இது. புரோஜெஸ்டிரோன் வந்து பி.ஆர்.ஐ எழுப்பினால், அது நேரே போய் ஈ.ஆர்.ஐப் பிடித்து, டி.என்.ஏ.வில் அது உட்கார்ந்திருந்த இடங்களிலிருந்து வேறு இடங்களுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. புதிய இடங்களில் திறக்கும் மரபணுக்கள், நோய் அடங்கிப் போகும் பக்கத்தைச் சேர்ந்தவை. ஈஸ்ட்ரோஜனால் வளரும் கட்டிகளின் வளர்ச்சி ஆய்வக எலிகளில் மட்டுப்பட்டது. ஈ.ஆர். பெற்றெடுத்த பி.ஆர்., வளர்ந்து வந்து ஈ.ஆர்.இன் போக்கையே மாற்றுகிறது. இந்த ஏற்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்கின்றன என்று பழைய பாடப்புத்தகங்களில் படித்த என் போன்றவர்களுக்கு அது கண்ணைத் திறந்த ஆய்வு. இதைப் படித்துவிட்டுப் புரோஜெஸ்டிரோன் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா என்று மட்டும் யோசிக்காதீர்கள். எந்த வகைப் புரோஜெஸ்டிரோன், எந்த நோயாளி, எந்தச் சமயம் என்பதெல்லாம் இன்னும் சோதனையில் இருக்கும் விஷயம்.

இப்போது அத்தைக்கான பதில். அவர் பயப்படும் ஆபத்து உண்மையானது. 55 வயதுக்கு மேல் ஐந்து வருடம் டாமோக்சிஃபென் எடுத்தவர்களில், பதினைந்து வருடத்துக்குள் கர்ப்பப்பை உள்சவ்வில் புற்று வந்தவர்கள் நூறு பேருக்கு மூன்று, நான்கு பேர். மாத்திரை எடுக்காதவர்களில் சுமார் ஒருவர். பெரும்பாலும் ரத்தப்போக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் தொடக்கத்திலேயே பிடித்துவிட முடியும். மறுபக்கம், ஈ.ஆர். பாசிட்டிவ் நோயில் ஐந்து வருடம் இந்த மாத்திரை எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றால் ஏற்படும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, அந்தப் பலன் மாத்திரையை முடித்த பிறகும் பல வருடம் நீடிக்கிறது. உலகம் முழுவதும் நடந்த சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2011இல் சொன்ன கணக்கு இது. தராசில் எந்தத் தட்டு தாழ்கிறது என்பதை அத்தையே பார்க்கலாம்.

அப்படியும் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் வழி இல்லாமல் இல்லை. லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு அதே வகையைச் சேர்ந்த அனஸ்ட்ரோசோலோ எக்ஸிமெஸ்டேனோ ஒத்துப்போகிறது. மூட்டுவலி குறைவாக இருக்கலாம். அது கர்ப்பப்பையைத் தூண்டாது, எலும்புக்குத் தனியாகப் பாதுகாப்பு தேவைப்படும். ரத்தப்போக்கும் சதை வளர்ச்சியும் வந்துவிட்டதால், இந்தப் பேச்சைப் புற்றுநோய் டாக்டரிடம் எடுக்க இதுவே சரியான நேரம். பயாப்ஸி ரிப்போர்ட்டை அவரிடம் காட்டினீர்களா என்று தெரியவில்லை. கட்டாயம் காட்டுங்கள். மகப்பேறு டாக்டரும் அவரும் ஒருவரோடொருவர் போனில் பேசிக்கொள்வது இன்னும் நல்லது, கேட்டால் செய்வார்கள்.

மாத்திரை தொடரும்வரை ஒரு துளி ரத்தம் பட்டாலும், வெள்ளைப்படுதல் நிறம் மாறினாலும் மறுநாளே காட்ட வேண்டும். போன தடவை ஒன்றுமில்லை என்று வந்ததே என்று இருந்துவிடக் கூடாது. அதே சமயம் எந்தத் தொந்தரவும் இல்லாதபோது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். டாமோக்சிஃபென் எடுப்பவர்களில் உள்சவ்வு தடித்துத் தெரிவது சாதாரணம். ஒவ்வொரு தடவையும் மில்லிமீட்டரைப் பார்த்துப் பயந்து, தேவையில்லாமல் சுரண்டிப் பார்க்கும்படி ஆகிவிடும். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தம் உறைவதும் இந்த மாத்திரையின் ஈரல் வேலையில் சேர்ந்ததுதான். நீண்ட பஸ், ரயில் பயணம் போனால் இடையிடையே எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

வேறு மருந்து எது தொடங்கினாலும் டாமோக்சிஃபென் பெயரை முதலில் சொல்லுங்கள். ஈரலில் உள்ள ஒரு நொதி இதை எண்டோக்சிஃபென் என்ற வீரியமான வடிவத்துக்கு மாற்றுகிறது. மனச்சோர்வுக்கும் உடல் கொதிப்புக்கும் கொடுக்கும் ஃப்ளுவாக்ஸெடின், பாராக்ஸெடின் இரண்டும் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். அது பி.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியை எழுப்புகிறது. இதுவும் அந்த 48 பேரில் ஒருவர்தான், கூட்டாளியும் அதே ஆர்.எக்ஸ்.ஆர். இரண்டும் சேர்ந்து ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்களைத் திறந்துவிட, டாமோக்சிஃபெனின் ரத்த அளவு பெருமளவு சரிந்துவிடும். வலிப்புக்கான சில மாத்திரைகளும் இப்படித்தான்.

கடைசியாக அம்மாவின் கேள்வி. தாராளமாக ராத்திரி போட்டுக்கொள்ளலாம், சாப்பாட்டுக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி. இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதனால் எந்த வேளையில் போட்டாலும் உடம்பில் அளவு கிட்டத்தட்ட ஒரே சீராகவே இருக்கும். கொதிப்பும் மாத்திரை விழுங்கிய நேரத்தை வைத்து வருவதில்லை. ஆனாலும் ராத்திரிக்கு மாற்றினால் சமாளிக்க முடிகிறது என்று சொல்பவர்கள் உண்டு, அம்மாவும் மாற்றிப் பார்க்கட்டும். கொதிப்பு தூக்கத்தைக் கெடுத்தால் வென்லாஃபாக்ஸின் மாதிரி, டாமோக்சிஃபெனோடு ஒத்துப்போகும் மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம், வழக்கம்போல ஒன்று போதும்.